அவனுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்?

பழைய ஜப்பானின் வாள்வீரர்களான சாமுராய்களைப் பற்றிய படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் 'செவன் சாமுராய்' என்று சொல்வதில்லை. சினிமா பேசும் நண்பர்களிடம் இதைச் சொன்னால், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். அகிரா குரோசவா 1954-ல் எடுத்த அந்தப் படத்தின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கொட்டும் மழையில், சேற்றில் விழுந்து புரண்டு நடக்கும் அந்தக் கடைசிச் சண்டைக்கு ஈடாக இன்னொன்றை என்னால் சட்டென்று சொல்ல முடியாது. ஆனால் 207 நிமிடம் ஓடும் ஒரு படத்தை, மகத்தான படைப்பு, பார்த்தே ஆக வேண்டும் என்ற பீடிகையோடு ஒருவர் கையில் கொடுத்தால் அவர் அதைப் படமாகப் பார்ப்பதில்லை, பரீட்சையாகப் பார்க்கிறார். முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, 'பிரமாதம், மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்' என்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. அதற்குப் பிறகு சாமுராய் என்றாலே அவருக்கு ஒரு குற்ற உணர்ச்சி, பேச்சை மாற்றிவிடுகிறார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 2024-ல் வந்த 'ஷோகன்' தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்கள். நான்காவது 'ஜான் விக்' படத்தில் ஹிரோயுகி சனடா வரும் காட்சிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது வாள்சண்டை. கறுப்பு வெள்ளை என்றால் முகம் சுளிப்பார்கள். உலக சினிமா ரசிகர்கள் இவர்களைக் கண்டால் உடனே திருத்தக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்த ஆசை கிடையாது. சண்டை பார்க்க ஆசைப்படுவதில் என்ன குறை? ஜப்பானிலேயே இந்தப் படங்களில் பெரும்பாலானவை சண்டை பார்க்க டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்காகத்தான் எடுக்கப்பட்டன. கண் தெரியாத மசாஜ்காரர் ஸாட்டோஇச்சியாக ஷிந்தாரோ கத்சு 1962-க்கும் 1973-க்கும் இடையில் மட்டும் இருபத்தைந்து படங்களில் நடித்தார். 1989-ல் தானே இயக்கி இன்னொன்றும் எடுத்தார். இத்தனையையும் கலையார்வத்தில் மட்டுமே ஜனங்கள் பார்த்துத் தீர்த்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் எந்தப் படத்தைக் கொடுப்பது என்பதல்ல என்னை அரித்துக்கொண்டிருந்த விஷயம். இவர்கள் இருவருமே ஒரே இடத்தில் படத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது. பக்தர் கௌரவத்தைத் தேடுகிறார், ரசிகர் வாளைத் தேடுகிறார். திரையில் இருக்கும் மனிதனோ பெரும்பாலும் அரிசியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான். இதை எனக்கு எடுத்துக்காட்டியவர், வாழ்நாளில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே வெளிநாட்டுப் படங்கள் பார்த்த என் பெரியப்பா.

கணக்கரின் கேள்வி

பெரியப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆலை மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பது வயது ஆகவில்லை. சேர வேண்டிய பணம் சேருவதற்குள் அவர் மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் மடிக்கணினியில் ஏதாவது படம் போடச் சொல்வார். எதைப் போட்டாலும் பார்ப்பார், எதையும் புகழ மாட்டார்.

ஒரு முறை 'யோஜிம்போ' போட்டேன். குரோசவாவின் 1961-ஆம் ஆண்டுப் படம். தோஷிரோ மிஃபுனே தோளைக் குலுக்கிக்கொண்டு, குச்சியை மேலே எறிந்து அது விழும் திசையில் நடந்து, இரண்டு ரௌடிக் கும்பல்கள் மோதிக்கொள்ளும் ஓர் ஊருக்குள் வருவார். பெரியப்பா உற்சாகமாகிவிட்டார். குறிப்பாகப் பேரம் பேசும் இடம். ஒரு கும்பலின் தலைவன் ஐம்பது ரியோவுக்கு, அக்காலத் தங்க நாணயம், இந்த வாள்வீரனை அமர்த்துகிறான், பாதி முன்பணம். அடுத்த அறையில் அவனுடைய மனைவி சொல்வது நம் ஆளின் காதில் விழுகிறது: சண்டை முடிந்ததும் இவனையும் முடித்துவிட்டால் கொடுத்த பணம் திரும்பிவிடும். மோதல் தொடங்கும் நேரத்தில் மிஃபுனே அந்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காவல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு, சண்டை மும்முரமாக இருக்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "இதற்கு முன்னால் இவனுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், தம்பி? எப்போது நின்றது?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். 1600-ல் செகிகஹாரா போர், 1615-ல் ஒசாகா கோட்டையின் வீழ்ச்சி. அதோடு டோகுகவா குடும்பத்தின் கை ஓங்கிப் பெரும் போர்கள் ஓய்ந்தன. வென்றவர்கள், பிடிக்காத பிரபுக்களின் நிலத்தை ஏதாவது சாக்குச் சொல்லிப் பறித்தார்கள். ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா மசனோரி வெள்ளத்தில் சேதமான கோட்டையை முறையான அனுமதி இல்லாமல் பழுதுபார்த்தார் என்று 1619-ல் அவருடைய ஆட்சிப் பகுதியே பிடுங்கப்பட்டது. பிரபுவின் வீடு கவிழ்ந்தால் அவரிடம் படியளக்கப்பட்டுவந்த சாமுராய்கள் அத்தனை பேரும் தெருவுக்கு வந்தார்கள். படியளப்பது என்பது இங்கே உவமை இல்லை. சாமுராயின் ஊதியம் உண்மையாகவே அரிசிக் கணக்கில்தான். ஒரு கொகு என்றால் சுமார் 180 லிட்டர், எடையில் ஏறக்குறைய 150 கிலோ. ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்று மதிப்பு. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் ஆட்களுக்கு ஆண்டுக்கு மூன்று தவணையாக அரிசி கிடைத்தது. அதை அசகுசா பகுதியில் இருந்த அரிசித் தரகர்கள் வாங்கிக் காசாக்கிக் கொடுத்தார்கள். அடுத்த தவணை அரிசியை ஈடாக வைத்து வட்டிக்குக் கடனும் கொடுத்தார்கள். கடன் தலைக்குமேல் போனதால் 1789-ல் அரசாங்கமே பழைய கடன்களைத் தள்ளுபடி செய்து ஆணை போட வேண்டிவந்தது.

பெரியப்பா கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். "தள்ளுபடி செய்தால் அடுத்த மாதம் எவன் கடன் கொடுப்பான்?" என்றார். உண்மையில் நடந்ததும் அதுதான்; தரகர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

மதியச் சாப்பாடு தெரியாததால் நின்றுபோன படம்

அவருடைய கேள்வி எனக்குப் புதிதாகப் பட்டது. ஆனால் குரோசவாவின் கூட்டத்துக்கு அது புதிதல்ல என்பது பிறகு நினைவுக்கு வந்தது. 'செவன் சாமுராய்' திரைக்கதையை எழுதிய மூவரில் ஒருவரான ஷினோபு ஹஷிமோதோ தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு கதை சொல்கிறார். அந்தப் படத்துக்கு முன்னால் அவரும் குரோசவாவும் வேறொன்றைத் திட்டமிட்டார்கள். ஒரு சாமுராய் காலையில் எழுகிறான், கோட்டைக்கு வேலைக்குப் போகிறான், அங்கே ஏதோ ஒரு பிழை செய்கிறான், மாலையில் வீடு திரும்பி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகிறான். ஒரே நாள். அவ்வளவுதான் கதை. ஹஷிமோதோ தகவல் திரட்டப் போனார். அந்தக் காலத்தில் கோட்டையில் வேலை செய்த சாமுராய் மதியம் என்ன சாப்பிட்டான்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனானா, அங்கேயே போட்டார்களா? ஒரு நாளைக்கு இரண்டு வேளையா, மூன்று வேளையா? உறுதியான பதில் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாடு தெரியாமல் ஒரு மனிதனின் ஒரு நாளை எப்படி எடுப்பது என்று படத்தையே கைவிட்டார்கள்.

பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. எஜமான் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றிய வாள்வீரர்கள் கையில் காசில்லாமல் எப்படிப் பிழைத்தார்கள்? தயாரிப்பாளர் தரப்பிலிருந்து பதில் வந்தது: பயிற்சிக்கூடங்களிலும் கோயில்களிலும் சோறு கிடைக்கும், அதுவும் இல்லையென்றால் கிராமத்தில் இரவுக் காவலுக்கு நின்றால் ஊரார் சோறு போடுவார்கள். கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற விவசாயிகள் சாமுராய்களை அமர்த்தும் படம் அங்கே பிறந்தது.

இது தெரிந்த பிறகு 'செவன் சாமுராய்' படத்தின் முதல் ஒரு மணி நேரம் வேறாகத் தெரியும். கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கும் விவசாயிகளிடம் ஊர்ப் பெரியவர், பசித்த சாமுராயாகப் பார்த்துப் பிடியுங்கள் என்கிறார். நகரத்துச் சத்திரத்தில் கூலியாள் ஒருவன் சோறு நிறைந்த கிண்ணத்தை, சாமுராய்களின் தலைவராக நடிக்கும் தகாஷி ஷிமுராவின் முகத்துக்கு நேரே நீட்டி, இது உங்களுக்கு, இந்த முட்டாள்கள் தின்பது என்ன தெரியுமா, தினை என்று சீறுகிறான். ஷிமுரா அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறார். வேலைக்குச் சம்மதம். ஒப்பந்தம், முன்பணம், சம்பளம் எல்லாம் அந்த ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இதை எடுத்த எடுப்பில் ஒருவரால் பார்க்க முடியாது. அவர் எப்போது சண்டை வரும் என்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு முதலில் வேறொரு படம் வேண்டும்.

மூங்கில்

அந்த வேறொரு படம் 'ஹராகிரி'. 1962. இயக்கியவர் மசாகி கோபயாஷி. எழுதியவர், மதியச் சாப்பாட்டில் இடறி விழுந்த அதே ஹஷிமோதோ. கோபயாஷி போர்க்காலத்தில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வே வேண்டாம் என்று கடைசிவரை சாதாரணச் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர். சீருடை, கட்டளை, குலப்பெருமை ஆகியவற்றைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் இருந்திருக்கும் என்று படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே விளங்கிவிடும்.

1630-ஆம் ஆண்டு, எடோ நகரம். மேலே சொன்ன ஹிரோஷிமா வீட்டில் வேலை போன ஹன்ஷிரோ என்ற நடுவயதுக்காரர், இயீ குலத்தின் மாளிகை வாசலில் வந்து நிற்கிறார். வறுமையில் வாழ விருப்பமில்லை, மரியாதையாக வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உங்கள் முற்றத்தைத் தாருங்கள் என்கிறார். வேலையிழந்த சாமுராய்கள் இப்படிக் கேட்டு வருவதும், வீட்டுக்காரர்கள் சங்கடப்பட்டுக் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்பிவைப்பதும் ஊரில் வழக்கமாகிவிட்டிருக்கிறது. இது பிச்சையின் புதிய வடிவம் என்று இயீ வீட்டார் கருதுகிறார்கள். சில மாதங்களுக்கு முன் இப்படி வந்த ஓர் இளைஞனை என்ன செய்தோம் தெரியுமா என்று ஹன்ஷிரோவுக்குக் கதை சொல்கிறார்கள். அந்த இளைஞன் மோதோமே உண்மையில் சாக வரவில்லை. அவன் உறையிலிருந்ததோ மூங்கில். இரும்பை எப்போதோ விற்றுவிட்டான். அந்த மூங்கிலாலேயே கிழித்துக்கொள் என்று வீட்டார் அவனை உட்காரவைத்தார்கள். பார்க்கச் சகிக்காத காட்சி அது. ரத்தம் அதிகம் காட்டப்படுவதில்லை, ஆனால் மழுங்கிய மூங்கில் துணியின் மேல் அழுந்துவதைக் கண் கொண்டு பார்க்க முடியாது. வாளின் கூர்மையைக் காட்டி எடுக்கப்பட்ட ஆயிரம் படங்கள் சாதிக்காததை ஒரு கூரில்லாத மூங்கில் சாதிக்கிறது.

நான் இந்தப் படத்தைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் அந்தக் காட்சி அல்ல, பின்னால் வரும் இன்னொன்று. கதையின் முடிவைச் சொல்லப்போவதில்லை. இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. மோதோமே ஹன்ஷிரோவின் மருமகன். நோயில் விழுந்த மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் அவன் தன் வாள்களை விற்றிருந்தான் என்பது, உடலும் மூங்கிலும் வீடு வந்து சேர்ந்த அன்றுதான் ஹன்ஷிரோவுக்குத் தெரிகிறது. அவர் தன் வாளை எடுக்கிறார். வெறிகொண்டு கிளம்பப்போகிறார் என்று எதிர்பார்ப்போம். அவரோ அந்த வாளைத் தூக்கி எறிந்துவிட்டு அழுகிறார். பேரக்குழந்தை காய்ச்சலில் கொதித்த வீட்டில், குடை செய்து விற்று வயிற்றைக் கழுவிய அந்த வீட்டில், இந்தப் பாழாய்ப்போன பொருளை விற்கலாம் என்று தனக்குத் தோன்றவே இல்லையே என்று அழுகிறார். ஹன்ஷிரோவாகத் தத்சுயா நகதாய் இதில் நடித்தபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. தாத்தாவாக வருகிறார், ஓர் இடத்திலும் நமக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை.

பெரியப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவர், "முதலில் உன் பெரியம்மாவின் வளையல் போனது. பிறகு சங்கிலி. பிறகு தையல் இயந்திரம். என் ஸ்கூட்டர் வாசலிலேயே நின்றது. அதை விற்கலாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வேலைக்குப் போகாதவனுக்கு எதற்கு ஸ்கூட்டர்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, போடு" என்றார். மிச்சப் படத்தை அசையாமல் பார்த்தார். வாள்சண்டை வந்தபோது, காற்று புற்களைப் புரட்டிப்போடும் அந்த வெட்டவெளிச் சண்டை வந்தபோது, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காட்சியில் உண்மையான வாள்களையே பயன்படுத்தினோம் என்று நகதாய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அந்த வாளின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது.

என் எண்ணம் ஒரு நிலைக்கு வந்தது அன்றுதான். சாமுராய் படங்களைச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கும் கதைகளாகவே நமக்கு விற்கிறார்கள். சோறு நின்ற பிறகு கடன் மட்டும் எப்படி நிற்கிறது என்பதுதான் அவற்றில் நல்லவை கேட்கும் கேள்வி. அதைப் புரிந்துகொண்ட பார்வையாளருக்குச் சண்டைக் காட்சியின் சுவை குறைவதில்லை, கூடுகிறது.

மூங்கில் இன்னொரு படத்திலும் வருகிறது. 'ட்வைலைட் சாமுராய்', 2002. இயக்குநர் யோஜி யமடா, 'தோரா-சான்' என்ற குடும்ப நகைச்சுவை வரிசையை எத்தனையோ ஆண்டுகள் எடுத்தவர். எழுபது வயதைக் கடந்த பிறகு அவர் எடுத்த முதல் சாமுராய் படம் இது. பின்னர் 2004-ல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. கதாநாயகன் செய்பேய், ஹிரோயுகி சனடா, கோட்டையின் தானியக் கிடங்கில் குமாஸ்தா. ஆண்டுக்கு ஐம்பது கொகு. மனைவி காசநோயில் இறந்துவிட்டாள். இரண்டு பெண் குழந்தைகள், நினைவு தப்பிய தாய். அந்தி சாய்ந்ததும் நண்பர்களோடு குடிக்கப் போகாமல் வீட்டுக்கு ஓடுவதால் சக ஊழியர்கள் அவருக்கு அந்தி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரவில் பூச்சிக் கூண்டு முடைந்து விற்கிறார். கிடங்கைப் பார்வையிட வந்த பிரபு, இவர் மேல் அடிக்கும் நாற்றத்தைக் கவனித்துவிடுகிறார். அது குடும்பத்துக்கே மானக்கேடாகிவிடுகிறது. குளிக்க நேரமில்லாத, கிழிந்த கிமோனோவைத் தைக்க ஆளில்லாத மனிதனை வாள்வீரனாக நிறுத்தும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? 'ஜான் விக்' பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் கொடுக்கிறேன். ஆள் தெரிந்த ஆள், படம் வண்ணப்படம், அதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

கடைசிச் சண்டைக்கு முன்னால், இருட்டான வீட்டில், மேலிடத்துக் கட்டளையால் கொல்லப் போன செய்பேயும் கொல்லப்பட வேண்டியவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். வறுமை, நோய், இறந்த மகள். தன் மனைவியை அடக்கம் செய்யப் பணமில்லாமல் நீண்ட வாளை விற்றுவிட்டதையும் இப்போது இருப்பது மூங்கில்தான் என்பதையும் செய்பேய் சொல்லிவிடுகிறார். அதுவரை தப்பிப் போக வழி கேட்டுக்கொண்டிருந்த எதிராளிக்கு அங்கேதான் ஆத்திரம் வருகிறது: என்னைக் கொல்ல மூங்கிலோடு வந்தாயா? சண்டை தொடங்குகிறது. ஒருவரிடம் குட்டை வாள், இன்னொருவரிடம் நெட்டை வாள், தாழ்ந்த கூரை. பார்ப்பவர்கள் மூச்சுவிட மறந்துபோவது அங்கேதான். அந்த எதிராளியாக நடிக்கும் மின் தனாகா தொழில்முறை நடனக் கலைஞர். அவர் உடல் சுவரோடு சரியும் விதத்தில் அது தெரியும்.

சண்டை மட்டும் கேட்பவர்களுக்கு

எல்லோரும் என் பெரியப்பா இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞன் இருக்கிறான்; தினமும் காலையில் உடற்பயிற்சிக்கூடம், இரவில் சண்டைப்படம். இந்தோனேசியாவின் 'தி ரெய்ட்' படத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறான். எந்த மாடியில் எவன் எப்படி விழுகிறான் என்று வரிசையாகச் சொல்வான். ஹாங்காங் படங்களையும் கரைத்துக் குடித்தவன். அவன் என்னிடம் வைத்த ஆட்சேபம் நியாயமானது: "அண்ணா, ஜாக்கி சான் படத்தில் பத்து நிமிடம் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆட்கள் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரே வீச்சில் முடிந்துவிடுகிறது."

முடிந்துவிடத்தான் செய்யும். ஜாக்கி சான், சாமோ ஹங், யூன் பியாவ் மூவரும் சிறுவயதில் ஹாங்காங்கில் பீகிங் ஓபெரா பள்ளி ஒன்றில் ஒன்றாக அடிவாங்கி வளர்ந்தவர்கள். பல்டி, தாளம், ஒருவர் அடிக்கு இன்னொருவர் உடல் பதில் சொல்வது எல்லாம் அந்த மேடையிலிருந்து வந்தவை. அங்கே சண்டை ஓர் உரையாடல். எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு இன்பம். ஜப்பானிய வாள் இரு கையால் பிடிப்பது, சரியாக விழுந்தால் இரண்டாவது வீச்சுக்கு வேலையில்லை. எனவே அந்த இயக்குநர்கள் வீச்சுக்கு முன்னால் இருக்கும் நேரத்தைப் படமாக்கினார்கள். 1962-ல் வந்த 'சஞ்சுரோ' படத்தின் கடைசியில் மிஃபுனேயும் நகதாயும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அசையாமல் இருக்கிறார்கள். சுற்றி நிற்பவர்களும் அசையவில்லை, இசையும் இல்லை. பிறகு ஒரு கணம். பீய்ச்சி அடிக்கும் ரத்தம், அழுத்தக் குழாய் வைத்துச் செய்தது, அன்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக வெடித்துவிட்டது. குரோசவா அதையே வைத்துக்கொண்டார். இதை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் எனக்குப் போதும்.

நீண்ட சண்டைதான் வேண்டும் என்றால் தகாஷி மீகேயின் '13 அசாசின்ஸ்' இருக்கிறது, 2010. ஒரு கிராமத்தையே பொறியாக்கி, படத்தின் பிற்பாதியில் பெரும்பங்கை ஒரே சண்டைக்குக் கொடுத்திருப்பார். அதை யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதே மீகே 2011-ல் 'ஹராகிரி' கதையை முப்பரிமாணத்தில் மறுபடி எடுத்தார். மோசமில்லை, ஆனால் பழையதைப் பார்க்காதவர்கள் அதில் தொடங்க வேண்டாம். கிஹாச்சி ஒகமோதோவின் 'ஸ்வோர்ட் ஆஃப் டூம்' (1966) படத்தைச் சொல்லும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை கொடுப்பேன்: கதை முடியாது, நகதாய் வெட்டிக்கொண்டே இருக்கும்போது படம் உறைந்து நின்றுவிடும். தொடர் படமாகத் திட்டமிட்டு, அடுத்த பாகம் வராமலே போனது. அந்த உறைந்த முகத்தை எனக்குப் பிடிக்கும்; காசு கொடுத்துப் பார்த்தவர் திட்டினால் அவர் பக்கமும் நியாயம் உண்டு.

இளைஞனின் இன்னொரு ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "எல்லாவற்றையும் அரிசிக் கணக்காக்கிவிடுகிறீர்கள். வாள் அழகாக இருக்கிறது, பார்க்கிறேன். அதற்குமேல் எதற்கு?" என்றான். இருக்கலாம். ஆனால் வாளின் அழகும் சம்பளமும் அவன் நினைக்கும் அளவுக்குத் தூரத்தில் இல்லை. 1876-ல், ஒரே ஆண்டில், ஜப்பானிய அரசு சாமுராய்கள் பொதுவில் வாள் அணிவதைத் தடைசெய்தது. அவர்களுடைய பரம்பரை ஊதியத்தையும் நிறுத்திக் கடன் பத்திரங்களாக மாற்றிக் கொடுத்துக் கணக்கை முடித்தது. முதலில் வாள், சில மாதத்தில் சம்பளம். அந்த ஆட்சியாளர்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று கோத்தவை என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

அவனை இன்னும் கொஞ்சம் சோதிக்கலாம் என்று சடாவோ யமனகாவின் 'ஹ்யூமானிட்டி அண்ட் பேப்பர் பலூன்ஸ்' படத்தைக் கொடுத்தேன். 1937. எடோவின் ஏழைக் குடித்தனங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு வரிசை வீடு. படம் தொடங்கும்போது அங்கே ஒரு வயதான சாமுராய் தூக்குப்போட்டுக்கொண்டிருக்கிறார். சாமுராயாக இருந்தும் ஏன் முறைப்படி வயிற்றைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள். வாளைத்தான் விற்றுவிட்டாரே, இருந்தது மூங்கில்தானே என்று பதில் வருகிறது. 'ஹராகிரி'க்குக் கால் நூற்றாண்டு முன்னால்! அதன் பிறகு கதை, வேலை கேட்டுப் பழைய அறிமுகக்காரர் ஒருவரின் வாசலில் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இன்னொரு வேலையற்ற சாமுராயைத் தொடர்கிறது. வீட்டில் அவன் மனைவி காகிதப் பந்துகள் ஒட்டி விற்கிறாள். படம் வெளியான நாளிலேயே யமனகாவுக்குப் படையில் சேர அழைப்பு வந்தது. அடுத்த ஆண்டு சீனப் போர்முனையில் நோயுற்று இறந்தார், வயது 28. அவர் எடுத்தவற்றில் இன்று முழுதாகக் கிடைப்பவை மூன்றே படங்கள்.

இளைஞன் பொறுமையாகப் பார்த்தான், அதைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் தேநீர்க் கடையில், "நல்ல படம் அண்ணா. ஆனால் அந்தத் தள்ளுவண்டிக்காரன் படமே எனக்குப் போதும்" என்றான். அவன் சொன்னது 'லோன் வுல்ஃப் அண்ட் கப்', 1972-ல் தொடங்கிய வரிசை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூலிக்குக் கொலை செய்யும் முன்னாள் தண்டனை அதிகாரியின் கதை. நாயகனாக நடித்த தோமிசபுரோ வகயாமா, ஸாட்டோஇச்சி கத்சுவின் உடன்பிறந்த அண்ணன். முதல் படத்தை மட்டும்தான் அவன் பார்த்திருந்தான். மீதி ஐந்தின் பெயர்களையும் அனுப்பிவைத்தேன். கொலைக்குக் கூலி ஐந்நூறு ரியோ என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஐந்தாவது படத்தில் அந்த ஐந்நூறும் ஐந்து வெவ்வேறு ஆட்களின் கையிலிருந்து நூறு நூறாக, தவணை முறையில் வந்துசேரும் என்பதை அவனிடம் சொல்லவில்லை.